அனிமோன் தொட்டிக்கு பாறை அடுக்கணும், நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு – யோசனை சொல்லுங்க

நெய்தல், மண்டபம்:
எல்லாருக்கும் வணக்கம். நாலடி நீளம் ரெண்டடி அகலம் ரெண்டடி உயரத்துல கண்ணாடித் தொட்டி செஞ்சு வந்துருச்சு, ஸ்டாண்டு, சம்ப் (கீழ வைக்கிற வடிகட்டித் தொட்டி), லைட்டு எல்லாம் ரெடி, தண்ணி மட்டும் இன்னும் ஊத்தல. இது முழுக்க அனிமோனுக்கும் (பூ மாதிரி விரிஞ்சு நிக்கிற கடல் உயிரு) ஒரு ஜோடி க்ளவுன் மீனுக்கும்தான், பவளம் எதுவும் வைக்கப் போறதில்ல. நெட்டுல பாக்குற படமெல்லாம் பவளத்துக்காக அடுக்குனதா இருக்கு, தட்டு தட்டா மேல மேல பாறை. அனிமோனுக்கு அது சரிவருமா? நடுவுல ஒரே குவியலா வைக்கிறதா, ரெண்டு திட்டா பிரிக்கிறதா? அப்புறம் பாறைக்கு எங்க போறது? கடலை ஒட்டி இருந்துக்கிட்டு பாறையை காசு குடுத்து வாங்கணுமான்னு வீட்ல கேக்குறாங்க, அதுக்கும் பதில் சொல்லணும்.

வைகைக்கரை, பரமக்குடி:
ரெண்டு திட்டுதான் பாக்க அழகு. ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது, நடுவுல வெறும் மணல். சரிபாதியா வச்சிராதீங்க, நல்லாருக்காது.

தென்கடல், பாம்பன்:
அழகு பின்னாடி வரட்டும். முதல்ல எந்த அனிமோன்னு சொல்லுங்க. க்ளவுன் மீன் குடியிருக்குற அனிமோன் உலகத்துலயே மொத்தம் பத்து வகைதான், அந்தப் பத்தும் ஒரே மாதிரி இடத்துல இருக்குறதில்ல. கார்ப்பெட் அனிமோன்ல ஹட்டோனின்னு ஒரு வகை இருக்கே, நம்ம கடல்ல சீபே க்ளவுன் அதுலதான் இருக்கும், அது மணல் ஆளு. காலை மணலுக்குள்ள ஆழமா பதிச்சுக்கிட்டு மேல தட்டை விரிச்சு வைக்கும், தொட்டா மொத்தமா உள்ள இழுத்துக்கும். அதை வளக்கணும்னா நாலஞ்சு இஞ்ச் மணல் வேணும், பாறையை ஒரு ஓரமா ஒதுக்கி நடுவை காலியா விடணும். மேக்னிஃபிகா நேர் எதிரு, பாறையோட உச்சிக்கு ஏறி வெட்டவெளியில நல்லா ஒளியும் ஓட்டமும் அடிக்கிற இடத்துல உக்காரும், அதுக்கு தூண் மாதிரி ஒரே பாறை போதும், ஆனா அது லேசுல பிழைக்காது, புதுசா ஆரம்பிக்கிறவங்க தொடவேண்டாம். பபிள் டிப்புன்னா காலை இடுக்குக்குள்ள ஒளிச்சுக்கிட்டு விரலை மட்டும் வெளிச்சத்துக்கு நீட்டும். மூணுக்கும் மூணு விதமா பாறை வைக்கணும். அனிமோன் எதுன்னு முடிவு பண்ணாம பாறையை ஒட்டுனா மறுபடி பிரிக்கிற வேலைதான்.

நெய்தல், மண்டபம்:
பபிள் டிப்புதாண்ணே. தொட்டியில பிரிஞ்சு வளந்த குட்டி ஒண்ணு தர்றேன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லிருக்காரு. கடல்ல இருந்து பிடிச்சது வேண்டாம்னு நானும் முடிவா இருக்கேன்.

தென்கடல், பாம்பன்:
ரொம்ப சந்தோசம், அந்த முடிவை மாத்திராதீங்க. இப்ப பாறைக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

அனிமோனை நாம வச்ச இடத்துல அது இருக்காது, அதுக்குப் புடிச்ச இடத்துலதான் இருக்கும். இதை எல்லாரும் சொல்வாங்க, சொல்லிட்டு அப்புறமும் பவளத்துக்கு அடுக்குற மாதிரியே நாப்பது இடுக்கு வச்சு அடுக்குவாங்க, அது ஒவ்வொரு இடுக்கா போய்ப் பாத்துக்கிட்டே திரியும், கடைசியில பின்பக்கம் கை எட்டாத இடத்துல போய் உக்காந்துக்கும். அதனால பாறை அடுக்குறப்ப ஒரே ஒரு இடத்தை ரொம்ப நல்ல இடமா செய்யணும், மத்த இடத்தையெல்லாம் அதுக்குப் புடிக்காத இடமா செய்யணும். அவ்வளவுதான் இதுல உள்ள வித்தை.

நல்ல இடம்னா என்ன? திட்டோட மேல்பக்கம், லைட்டுக்கு நேரா கீழ, ஒரு குழி. வாய் அஞ்சாறு சென்டிமீட்டர் அகலம், ஆழம் பத்து பன்னெண்டு சென்டிமீட்டர், உள்ள போகப் போக குறுகணும், முடிஞ்சா லேசா வளையணும். காலு அடியில இருட்டுல ஒட்டிக்கும், மேல வெளிச்சம் கிடைக்கும், எதுவும் தொட்டா உள்ள சுருங்கிக்க இடம் இருக்கும். குழியோட அடியில விரல் நுழையாத அளவுக்கு ஒரு சின்ன துவாரம் பின்னாடி திறந்து விடுங்க, இல்லன்னா தின்னு துப்புன கழிவெல்லாம் காலடியிலயே தேங்கி அழுகும். மேசை மாதிரி தட்டையான பாறையில வெறும் பள்ளம் மட்டும் இருந்தா அங்க தங்காது, ஆழம் ரொம்ப முக்கியம்.

புடிக்காத இடம்னா? மத்த பாறையெல்லாம் இடுக்கு இல்லாம இருக்கணும், ஓட்டை இருந்தா அடைச்சிருங்க. பின்கண்ணாடியில பாறை முட்டவே கூடாது, நாலு பக்கமும் பத்து சென்டிமீட்டராவது விடுங்க. பின்னாடி முட்டுச்சுன்னா அது பாறையில இருந்து கண்ணாடிக்கு ஏறி, கண்ணாடியில இருந்து நேரா பவர்ஹெட்டுக்கு (தொட்டிக்குள்ள ஓட்டம் குடுக்குற பம்பு) போயிரும், அப்புறம் என்ன ஆகும்னு சொல்லவேண்டியதில்ல. கண்ணாடி வழிக்கிறதுக்கும் அந்த இடைவெளி வேணும்.

உயரம், திட்டோட உச்சி தொட்டித் தரையில இருந்து ஒரு அடி, அதுக்கு மேல வேண்டாம். விரிஞ்சுச்சுன்னா பபிள் டிப் ஒரு அடி அகலத்துக்கு வரும், அதை யாரும் கணக்குல எடுக்குறதில்ல, வெறும் பாறையா பாக்குறப்ப தொட்டி காலியா தெரியுதேன்னு பாறையை ஏத்திக்கிட்டே போவாங்க. காலியாவே தெரியட்டும். அனிமோன்தான் அந்த இடத்தை நிரப்பும்.

அலைவாய், கீழக்கரை:
தென்கடல் அண்ணே சொல்றதுல முக்காவாசி ஒத்துக்குறேன், ஒண்ணுல மட்டும் மாத்துக்கருத்து. தனித்திட்டு வச்சா அனிமோன் மணலைத் தாண்டாதுன்னு நிறைய பேரு நம்புறாங்க. தாண்டும். மெதுவா மணல்ல ஊர்ந்தும் போகும், காலை விட்டுட்டு தண்ணியோட மிதந்தும் போகும். பபிள் டிப்பு பிரியவும் செய்யும், ஒண்ணு ரெண்டாச்சுன்னா ஒரு குழி எப்படிப் பத்தும்? ரெண்டாவது எங்கயாச்சும் போய்த்தானே ஆகணும். அதனால திட்டை நம்பி பவர்ஹெட்டுக்கு காப்பு போடாம விட்டுராதீங்க. தொட்டி முழுக்க எங்க போனாலும் சாகாதபடி செய்யணும், அதுக்கப்புறம்தான் குழி எல்லாம். பவர்ஹெட்டு ரெண்டுக்கும் வலைக்கூடு, தண்ணி வழிஞ்சு சம்புக்கு இறங்குற ஓவர்ஃப்ளோ பல்லுக்கு முன்னாடி வலை, ஹீட்டர் இருந்தா சம்புக்குள்ள. வலை அழுக்கு புடிச்சா ஓட்டம் குறையும், வாரம் ஒருதடவை கழட்டிக் கழுவணும், அது கூடுதல் வேலைதான், செஞ்சுதான் ஆகணும்.

தென்கடல், பாம்பன்:
அலைவாய் காக்கா (அண்ணன்) சொல்றது சரிதான், வலை கட்டாயம். தனித்திட்டு வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. தாண்டுறது எப்ப? இடம் புடிக்கலன்னா தாண்டும், உப்பு கூடிக் குறைஞ்சா தாண்டும், லைட்டை திடீர்னு மாத்துனா தாண்டும். இடம் நல்லாருந்து தண்ணி நிலையா இருந்தா வருசக்கணக்குல ஒரே குழியில இருக்கும். பிரியுறதுக்கு ரெண்டாவது குழி ஒண்ணு அதே திட்டுல மறுபக்கம் வச்சுக்கலாம், அது நல்ல யோசனை, நெய்தல் குறிச்சுக்கங்க.

அலைவாய், கீழக்கரை:
ரெண்டாவது குழின்னா சரி.

நெய்தல், மண்டபம்:
குறிச்சுக்கிட்டேன் ரெண்டு பேருக்கும் நன்றி. இப்ப பாறை. எங்க சித்தப்பா வீடு பழைய வீடு, ராமேஸ்வரத்துல இடிச்சுக்கிட்டு இருக்காங்க, சுவர் முழுக்க பவளக்கல்லு. அதுல நாலு கல்லை எடுத்துக்கலாமா? எப்பவோ செத்துப்போன கல்லுதானே.

அலைவாய், கீழக்கரை:
வேண்டாம் தம்பி. நம்ம பக்கம் பழைய கட்டடம் நிறைய அந்தக் கல்லுலதான் நிக்கிது, தனுஷ்கோடியில 1964 புயலுக்கு அப்புறம் மிச்சம் நிக்கிற சர்ச் சுவரைப் பாத்தாலே தெரியும். ஆனா கல் பவளம் எல்லாமே 2001ல இருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. உயிரோட இருக்கா செத்துருச்சாங்குற கணக்கு அதுல கிடையாது. கரை ஒதுங்குன துண்டு, வலையில மாட்டி வந்த துண்டு எல்லாம் அதுக்குள்ளதான் வரும். இடிச்ச வீட்டுக் கல்லுன்னு நீங்க சொல்லலாம், தொட்டியில ஊறி பாசி புடிச்சப்புறம் அது எங்க இருந்து வந்ததுன்னு யாரு கண்டா? வனத்துறைகிட்ட கேக்காம கையே வைக்காதீங்க.

சட்டத்தை விட்டுட்டுப் பாத்தாலும் அந்தக் கல்லு ஆகாது. சுண்ணாம்புக் காரை ஒட்டிருக்கும், உப்பும் வெள்ளையடிச்சதும் பத்து தலைமுறைக்கு ஏறிருக்கும், என்ன கரையுதுன்னே சொல்லமுடியாது.

தென்கடல், பாம்பன்:
இன்னொரு விசயமும் சொல்லணும். கடல்ல இருந்து உயிருள்ள பாறை எடுத்துட்டு வந்து தர்றேன்னு சிலர் வருவாங்க. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986ல அறிவிச்சது, ராமேஸ்வரம் பக்கம் இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, அந்தப் பவளப்பார் எல்லாம் அதுக்குள்ள. அதுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டுனதும் அதுக்கு ஒரு காரணம். பார் இருந்தாத்தான் மீனு, மீனு இருந்தாத்தான் நாங்க. ஒரு தொட்டிக்கு இருபது கிலோ தானேன்னு தோணும், அந்த இருபது கிலோவுலதான் நண்டு, இறால் குஞ்சு, புழு, பஞ்சுன்னு எல்லாம் இருக்கு. 2010லயும் 2016லயும் கோடை வெக்கையில பவளம் வெளுத்துப் போய் செத்த இடமெல்லாம் இருக்கு. அதுல போய் கடப்பாரை போடுறது நியாயமே இல்ல. வீட்ல கேட்டா இதையே சொல்லுங்க.

சிப்பி, ஏர்வாடி:
பாறை நீங்களே செய்யலாம் நெய்தல், கடல்ல இருந்து ஒரு கல்லும் எடுக்கவேண்டாம். அனிமோன் தொட்டிக்கு அதுதான் வாங்குற பாறையை விட நல்லது, ஏன்னா குழி எங்க வேணுமோ அங்க வச்சு செஞ்சுக்கலாம், வாங்குன பாறையில குழி தேடிக்கிட்டு இருக்கணும்.

வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, கிளிஞ்சல் குருணை மூணு பங்கு. கோழித்தீவனக் கடையில விக்கிற அதே கிளிஞ்சல்தான், நல்லா கழுவி காயவச்சுக்கங்க, மருந்து கலந்த தீவனத்தை வாங்கிறாதீங்க. கூட ஒண்ணரை பங்கு கல்லுப்பு, வாலிநோக்கம் உப்புன்னா பரல் பெருசா இருக்கும், அதுதான் வேணும். உப்பு பின்னாடி தண்ணியில கரைஞ்சு போயிரும், அந்த இடமெல்லாம் ஓட்டையா நிக்கும், பாக்டீரியா குடியேற அதுதான் வீடு. தண்ணியை தெளிச்சுத் தெளிச்சுத்தான் சேக்கணும், கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், ஒழுகக்கூடாது. தண்ணி அதிகமானா உப்பு அப்பவே கரைஞ்சிரும், பாறை கட்டியாயிரும்.

அச்சுக்கு ஒரு பெட்டியில ஈர மணல். கையாலயே பள்ளம் தோண்டி, மேடு பள்ளமா, ஒழுங்கா இல்லாம. அதுக்குள்ள கலவையைப் போட்டு அமுக்குங்க. குழி வேணுங்குற இடத்துல ரெண்டு இஞ்ச் பிவிசி பைப் துண்டை பிளாஸ்டிக் கவர் சுத்தி சாய்வா நட்டுருங்க, கலவை இறுகுனதும் திருகி எடுத்தா தென்கடல் அண்ணே சொன்ன அளவுல குழி ரெடி. குழி உள்பக்கத்தை ஆணியால கீறி விடுங்க, வழுவழுன்னு இருந்தா காலு புடிக்காது. பின்துவாரத்துக்கு ஒரு பென்சில் போதும்.

ரெண்டு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. அப்புறம் எடுத்து ட்ரம்முல தண்ணியில போடுங்க, அடிக்கடி தண்ணியை மாத்துங்க. புது சிமெண்ட்டு தண்ணியோட பிஹெச்சை பன்னெண்டுக்கு மேலயே கொண்டுபோயிரும், அப்படியே தொட்டியில வச்சா எதுவும் பிழைக்காது. வாரக்கணக்குல ஊறணும், ஒரு மாசம் கம்மி. நல்ல தண்ணியில மூணு நாள் போட்டு வச்சுட்டு பிஹெச் பாருங்க, எட்டரைக்குக் கீழ நின்னாத்தான் தொட்டிக்கு. நம்ம ஊர்ல ஊறப்போட தண்ணிக்கே பஞ்சம்னு தெரியும், ஐப்பசி கார்த்திகை மழையில மொட்டைமாடியில ட்ரம்ம வச்சுட்டா மழையே பாத்துக்கும்.

நெய்தல், மண்டபம்:
அக்கா இது ரொம்ப நல்லாருக்கு! மழைக்கு இன்னும் நாள் இருக்கு, இப்பவே வார்த்துருவேன். ஒரே பெரிய பாறையா வார்க்குறதா, துண்டு துண்டாவா?

சிப்பி, ஏர்வாடி:
துண்டா. கை தூக்குற அளவுக்கு அஞ்சாறு துண்டு. குழி உள்ள துண்டு ரெண்டும் தனியா எடுக்கவர்ற மாதிரி இருக்கணும், ஒட்டவே ஒட்டாதீங்க, கீழ ரெண்டு குச்சி நட்டு அது மேல உக்காரவைங்க. என்னைக்காச்சும் அனிமோனை வேற தொட்டிக்கு மாத்தணும்னா பாறையோட தூக்கிரலாம். காலைப் புடிச்சு பிச்சு எடுத்தா காலு கிழியும், கிழிஞ்ச காலு அழுகுச்சுன்னா அனிமோன் போச்சு.

வைகைக்கரை, பரமக்குடி:
அக்கா குச்சின்னா எது? இரும்பு ஆகாதுல?

சிப்பி, ஏர்வாடி:
இரும்பு, ஸ்டீல், செம்பு எதுவும் ஆகாது. அக்ரிலிக் ராடு, இல்லன்னா ஃபைபர் ராடு, எட்டு மில்லி. கான்க்ரீட் பிட்டு போட்டு மெதுவா துளை போடுங்க, ஹேமர் மோடு வேண்டாம் உடைஞ்சிரும். மத்த துண்டெல்லாம் ராடு நட்டு, சுத்தி சூப்பர் க்ளூ ஜெல் வச்சு, அது மேல பாறைத்தூளைத் தூவுனா அப்பவே கெட்டியாயிரும், அதுக்கு மேல எபாக்சி புட்டி உருட்டி வச்சு அமுக்கிட்டா அசையாது.

அலைவாய், கீழக்கரை:
ஒட்டி முடிச்சதும் தண்ணி இல்லாமயே சோதிச்சுப் பாருங்க. திட்டோட உச்சியைப் புடிச்சு நாலு பக்கமும் நல்லா தள்ளணும், ஆடுச்சுன்னா அடித்துண்டை மாத்தணும். பாறை முதல்ல கண்ணாடித் தரையில உக்காரணும், அப்புறம்தான் மணல் போடணும். மணல் மேல பாறையை வச்சா தோண்டுற மீனு, இறாலு எதுவும் அடியைப் பறிச்சுச்சுன்னா சரியும், கண்ணாடியும் உடையும். தரையில பாறை படுற இடத்துக்கு மட்டும் மெல்லிசா ஒரு அக்ரிலிக் ஷீட் போட்டுக்கிட்டா நிம்மதி.

வைகைக்கரை, பரமக்குடி:
மொத்தம் எத்தனை கிலோ வரும்? பழைய கணக்கு லிட்டருக்கு இவ்வளவுன்னு சொல்வாங்களே.

தென்கடல், பாம்பன்:
அந்தக் கணக்குல பாத்தா இந்தத் தொட்டி 450 லிட்டர் சொச்சம், அம்பது கிலோ வந்துரும். அவ்வளவு போட்டா அனிமோனுக்கு இடமே இல்ல. இருபது, இருபத்தஞ்சு கிலோ போதும், மிச்சத்துக்கு சம்புல செராமிக் மீடியா (பாக்டீரியா குடியேற ஓட்டை உள்ள கல்லு) போட்டுக்கலாம். பாறை குறைஞ்சா தண்ணி கூடும், தண்ணி கூடுனா சூடு ஏறுறது மெதுவாகும். நம்ம ஊரு சித்திரை வைகாசிக்கு அது பெரிய உதவி. அனிமோன் விரல்லயும் பவளத்துல இருக்குற அதே பாசிதான் இருக்கு, தண்ணி முப்பது முப்பத்தொண்ணுன்னு நின்னா அதைத் துப்பிட்டு வெளுத்துரும். 25ல இருந்து 27க்குள்ள வைங்க.

வைகைக்கரை, பரமக்குடி:
ஃபேன் போட்டா போதுமாண்ணே, சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மிஷின்) விலை தாங்கல.

தென்கடல், பாம்பன்:
பரமக்குடியில காத்து காஞ்சு வர்றதால ஃபேனுக்கு ரெண்டு மூணு டிகிரி இறங்கும். மண்டபத்துல காத்துலயே ஈரம், அவ்வளவு இறங்காது, அதனால நெய்தல் சில்லரை இப்பவே கணக்குல வச்சுக்கிறது நல்லது. ஃபேன் போட்டா தண்ணி வத்தும், உப்பு ஏறும், தினம் ஆர்.ஓ தண்ணி ஊத்தி உப்பு அளவை (ஒப்படர்த்தி) 1.025லயே நிக்க வைக்கணும். போர் தண்ணி ஊத்தாதீங்க, இங்க போர்ல வர்றதே உப்புத்தண்ணிதான்.

நெய்தல், மண்டபம்:
கடல் தண்ணியே எடுக்கலாம்னு இருக்கேன். வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா)?

தென்கடல், பாம்பன்:
காத்தைப் பாத்து எடுங்க. வாடை (வடகிழக்குக் காத்து) அடிக்கிறப்ப வடகடல் கலங்கிக் கிடக்கும், மழைத்தண்ணியும் சேந்து உப்பு குறையும், அப்ப தென்கடல் தெளிவா இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிறப்ப தென்கடல் பொங்கும், வடக்க போங்க. போட்டு நிக்கிற துறைப்பக்கம் எடுக்கவே வேண்டாம், டீசல் மிதக்கும். கொண்டாந்து மூடி வச்சு தெளியவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டர்ல உப்பு பாத்துட்டு ஊத்துங்க.

நெய்தல், மண்டபம்:
சரி, எல்லாரும் சொன்னதை வச்சு ஒரு கணக்கு போட்டுருக்கேன், தப்பு இருந்தா திருத்துங்க. இடதுபக்கம் மூணுல ஒரு பங்குல பெரிய திட்டு, உச்சி ஒரு அடி, மேல ஒரு குழி, வலதுபக்கத்தைப் பாத்து கொஞ்சம் கீழ ரெண்டாவது குழி. நடுவுல ஒண்ணரை அடி வெறும் மணல், ஒரு இஞ்ச் கனம். வலது மூலையில உயரமில்லாத சின்ன திட்டு, இடுக்கே இல்லாம, மீனு ஒதுங்க அடியில ஒரு வளைவு மட்டும். பவர்ஹெட் ரெண்டும் வலதுபக்கக் கண்ணாடியில மேல, வலைக்கூட்டோட, ஓட்டம் முன்கண்ணாடியில பட்டுத் திரும்பி திட்டுக்கு வர்ற மாதிரி.

அலைவாய், கீழக்கரை:
நல்லாருக்கு. சின்ன திட்டோட வளைவு மட்டும் யோசிக்கணும். இருட்டா இருந்தா பிரிஞ்ச குட்டி அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். ரெண்டு பக்கமும் திறந்து, ஓட்டம் உள்ள பாய்ற மாதிரி அகலமா வைங்க.

தென்கடல், பாம்பன்:
எனக்கும் சரியா படுது. லைட்டு பெரிய திட்டுக்கு மேலதான் இருக்கணும், PAR மீட்டர் (வெளிச்சத்தை அளக்குற கருவி) யார்கிட்டயாவது வாங்கி குழி வாயில பாருங்க, 150ல இருந்து 250க்குள்ள இருந்தா போதும். சின்ன திட்டு பக்கம் குறைச்சு வைங்க, அங்கிட்டு போக அதுக்கு மனசு வரக்கூடாது. வார்த்த பாறை சுத்தமா செத்த பாறை, அதுல உயிர் புடிக்க நாளாகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்துருச்சுன்னு உடனே அனிமோனை இறக்காதீங்க, ஆறு மாசம் தொட்டி ஓடட்டும். க்ளவுன் ஜோடியை அதுக்கு முன்னாடியே விடலாம். வளப்புல பொரிச்ச குஞ்சு கிடைக்கிது, அதையே வாங்குங்க.

நெய்தல், மண்டபம்:
ஆறு மாசமா! சரிண்ணே, இருக்கேன். இறக்குறப்ப குழிக்குள்ள எப்படி உக்காரவைக்கிறது?

சிப்பி, ஏர்வாடி:
பம்பு எல்லாத்தையும் நிறுத்திட்டு, காலு கீழ பாக்க குழி வாயில விடுங்க, அமுக்காதீங்க. மேல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையைக் கவுத்து, பறக்காம ஒரு சின்ன பாறைத்துண்டு வைங்க. காலு புடிச்சப்புறம் கூடையை எடுத்துட்டு ஓட்டத்தை கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. முதல் வாரம் தீனி குடுக்கவேண்டாம்.

நெய்தல், மண்டபம்:
கிளிஞ்சலுக்கு நாளைக்கு ராமநாதபுரம் போறேன். வார்த்து எடுத்ததும் குழி ரெண்டையும் படம் புடிச்சு போடுறேன், ஆழம் பத்துதான்னு பாத்து சொல்லுங்க.